கிழக்கு மேற்கான கட்டு: சிறிய வக்கீல் அலுவலகமும் ஏஐ கருவியும் – ஒரு நிகழ்வு ஆய்வு

காங்கயம் பக்கத்து மேட்டுக்காட்டுக் கிரயப் பத்திரம் ஒன்று. கையெழுத்தில் எழுதி, எழுபது வருஷம் ஆனது. அதன் செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை விவரம், இப்படிப் போகிறது: ‘பெரிய பங்காளி காட்டுக்கும் கிழக்கு, இட்டேரிக்கும் தெற்கு, சின்னப் பங்காளி தோட்டத்துக்கும் மேற்கு, பள்ளத்துக்கும் வடக்கு, இதன் மத்தியில் பு.ஏ. 3.86-ம், மாமூல் வண்டித்தட பாத்தியமும்.’ இட்டேரி என்பது இருபக்கமும் வேலியுள்ள வண்டிப்பாதை, பு.ஏ. என்பது புஞ்சை ஏக்கர், மாமூல் வண்டித்தட பாத்தியம் என்பது வழக்கமாக வண்டி போய்வரும் உரிமை.

வண்டித்தட வழக்கு இரண்டு கோர்ட்டுகளைத் தாண்டி, சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இரண்டாம் மேல்முறையீடாகப் போக இருந்தது. அதற்குப் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ஜூனியர் பத்திரத்தை போனில் படமெடுத்து இலவச ஏஐ கருவியில் ஏற்றினார். நாற்பது விநாடியில் சுத்தமான ஆங்கிலத்தில் பத்திரம் வந்தது. ‘மாமூல்’ லஞ்சமாகியிருந்தது, எல்லோரும் சிரித்துவிட்டுத் திருத்தினார்கள். ‘பெரிய பங்காளி காடு’ வனமாகியிருந்தது, அதையும் திருத்தினார்கள். கொங்கில் காடு என்றால் மானாவாரி நிலம், தோட்டம் என்றால் கிணற்றுப் பாசன நிலம், பள்ளம் என்றால் மழைக்கு ஓடும் ஓடை. இது கருவிக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. ‘பள்ளம்’ குழியாக மாறியதும் கண்ணில் பட்டது.

கண்ணில் படாதது செக்குபந்திதான். ‘பெரிய பங்காளி காட்டுக்கும் கிழக்கு’ என்றால், நம் சொத்து அவர் காட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. அதாவது அவர் காடு நமக்கு மேற்கு எல்லை. கருவி அதை ‘கிழக்கு எல்லை: பெரிய பங்காளி காடு’ என்று போட்டது. நான்கு திசையிலும் இதே பிழை. விளைவு, நிலம் அப்படியே பாதிச் சுற்று திரும்பிவிட்டது. வடக்கே இருக்கும் இட்டேரி தெற்கே போனது, தெற்கே ஓடும் பள்ளம் வடக்கே வந்தது. கீழ்க்கோர்ட்டில் அட்வகேட் கமிஷனர் (இடத்தைப் பார்க்க கோர்ட் அனுப்பும் வக்கீல்) அளந்து தாக்கல் செய்த வரைபடத்தில் தடம் வடக்கே இட்டேரியில் போய்ச் சேருகிறது. மொழிபெயர்ப்பைப் படித்தால் அங்கே இட்டேரியே கிடையாது. மொழிபெயர்ப்பை இரண்டு பேர் படித்தும் பிழை தெரியவில்லை. ஆங்கிலம் அவ்வளவு நன்றாக இருந்தது.

பிடித்தவர் குமாஸ்தா. அவர் ஆங்கிலத்தை வாசிக்கவே இல்லை, திசைப் பெயர்களை மட்டும் மூலத்தோடு ஒட்டிப் பார்த்தார். “ஏனுங் சார், இட்டேரி வடக்காலதானுங்க இருக்குது, இதுல தெக்க போட்டிருக்குதுங்களே.”

இந்த ஆய்வில் வரும் அலுவலகம் வகைமாதிரி. ஒரு சீனியர், இரண்டு ஜூனியர், ஒரு குமாஸ்தா, ஒரு தட்டச்சர். பாகப்பிரிவினை, தட வழக்கு, கிணற்றுப் பாத்தியம், திருப்பூர் ஜாப் ஒர்க் பாக்கியில் திரும்பும் செக்குகள், விபத்து இழப்பீடு. காங்கயம், தாராபுரம், பெருந்துறை, அவிநாசி கோர்ட்டுகளைச் சுற்றி இப்படி எத்தனையோ அலுவலகங்கள் உண்டு. கட்டுகள் (வழக்குக் கோப்புகள்) மாதிரிக்காக அமைத்தவை. சட்டப் பிரிவுகளும் தீர்ப்புகளும் உள்ளது உள்ளபடி.

ஏஐ என்றதும் வக்கீல்கள் பேசுவது போலித் தீர்ப்பு பற்றித்தான். 2023-இல் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றத்தில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில் சாட்ஜிபிடி உருவாக்கிய, உலகில் இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வக்கீல்களுக்கும் அவர்கள் நிறுவனத்துக்கும் நீதிபதி கெவின் கேஸ்டல் 5,000 டாலர் அபராதம் போட்டார். இங்கேயும், 2024 டிசம்பரில் பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தந்த ஓர் உத்தரவில் இல்லாத தீர்ப்புகள் இருந்தது தெரிந்து அது திரும்பப் பெறப்பட்டது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் இல்லாத தீர்ப்பைப் பிடிப்பது எளிது, தேடினால் கிடைக்காது. ஒரு சின்ன ஊர் அலுவலகத்தின் கட்டைக் கெடுப்பது உண்மையாக இருக்கும் தீர்ப்பு, உண்மையாக இருக்கும் பிரிவு, ஒரு சொல் மட்டும் திரும்பிய மொழிபெயர்ப்பு. அவை தேடினால் கிடைக்கும். கிடைத்துவிட்டதே என்று நம்பிக்கையும் வரும்.

செக் ரிட்டர்ன் கட்டு

அதே அலுவலகத்தின் இரண்டாவது கட்டு. திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருப்பவர் துணிக்குச் சாயம் போட்டுக் கொடுத்தார். கரூர்க்காரர் கொடுத்த ₹4,86,000 செக் பணமில்லாமல் திரும்பியது. ஜூனியர் கருவியிடம் கேட்டது மூன்று: எந்த கோர்ட், நோட்டீஸ் எப்படி, எத்தனை நாள். மூன்றிலும் பிழை வந்தது, மூன்றும் வேறு வேறு ரகம்.

எந்த கோர்ட் என்பதற்குக் கருவி தஷ்ரத் ரூப்சிங் ராதோட் தீர்ப்பைச் சொன்னது: செக் எழுதியவரின் வங்கிக் கிளை இருக்கும் இடத்து கோர்ட், ஆகவே கரூர். தீர்ப்பு உண்மை. எஸ்சிசி என்ற தீர்ப்புத் தொகுப்பில் (2014) 9 எஸ்சிசி 129, உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு. கருவி சொன்ன சாரமும் சரி. ஆனால் 2015-இல் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தைத் திருத்தி 142(2) என்ற பிரிவைச் சேர்த்துவிட்டார்கள்; கணக்கில் போட்டு வசூலுக்கு அனுப்பிய செக் என்றால், பணம் பெறவேண்டியவர் கணக்கு வைத்திருக்கும் கிளை இருக்கும் இடத்து கோர்ட். ஆக, திருப்பூர். தீர்ப்பு இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்திருந்தால் பாஸ் ஆகியிருக்கும், சாயப்பட்டறைக்காரர் வாய்தாவுக்கு வாய்தா கரூருக்கு பஸ் ஏறியிருப்பார்.

பாகப்பிரிவினையிலும் இதே ரகப் பிழை வரும். மகளுக்குப் பங்கு உண்டா என்று கேட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த 9.9.2005 அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று பிரகாஷ் எதிர் புலவதி தீர்ப்பைக் காட்டும். 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா தீர்ப்பில் அது தவறென்று தள்ளப்பட்டது. அதைவிட, 1989 மார்ச் 25 முதலே தமிழ்நாட்டுத் திருத்தம் அந்த நாளில் மணமாகாத மகள்களுக்குப் பங்கு தந்திருக்கிறது. நாம் தனியாகக் கேட்காதவரை கருவி மாநிலத் திருத்தத்தைத் தொடுவது அபூர்வம்.

நோட்டீஸ் வரைவு மரியாதையாக, சரளமாக வந்தது. அதுவே சிக்கல். செக் தொகை, தாமத வட்டி, ஜிஎஸ்டி வித்தியாசம் எல்லாவற்றையும் கூட்டி ₹5,31,000 என்று ஒரே தொகையாக 15 நாளில் கட்டச் சொன்னது. செக் திரும்பும் குற்றத்துக்கான, அதே சட்டத்தின் 138-ஆம் பிரிவின் கீழ்க் கேட்க வேண்டியது செக் தொகை. வட்டி, செலவு வேண்டுமானால் தனித்தனியாகப் பிரித்துக் காட்டலாம். பிரிக்காமல் மொத்தமாகக் கேட்டால் நோட்டீஸே செல்லாமல் போகலாம் என்பது சுமன் சேத்தி எதிர் அஜய் கே. சுரிவால் தீர்ப்பு, (2000) 2 எஸ்சிசி 380. பொதுவான கடன் வசூல் கடிதமாக அது பழுதற்றது. 138 நோட்டீஸாகப் பயன்படாது.

நாள் கணக்குதான் மூன்றாவது. செக் திரும்பியதைச் சொல்லும் வங்கி மெமோ கைக்கு வந்தது ஜூன் 4. நோட்டீஸ் அனுப்ப 30 நாள், அதாவது ஜூலை 4 வரை. அனுப்பியது ஜூன் 20. எதிராளி வாங்கியது ஜூன் 24. 15 நாள் ஓடுவது அவர் வாங்கிய நாளிலிருந்து. அந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் ஜூலை 9-உடன் முடியும். வழக்கு மூலம், அதாவது வழக்குப் போடும் உரிமை, பிறப்பது ஜூலை 10. அதிலிருந்து ஒரு மாதம், 30 நாள் அல்ல, ஒரு மாதம். ஆகஸ்ட் 10 வரை. கருவியோ அனுப்பிய ஜூன் 20-இலிருந்து எண்ணி, ஜூலை 5-உடன் கெடு முடிந்தது, ஜூலை 7-இல் பிராது போடலாம் என்றது. 15 நாள் முடியும் முன் போட்ட பிராது நிற்காது. 2014-இல் யோகேந்திர பிரதாப் சிங் எதிர் சாவித்திரி பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிதாகப் போட வழி அதே தீர்ப்பில் இருக்கிறது என்றாலும், அதற்குள் போகும் வருஷங்களுக்குக் கட்சிக்காரரிடம் யார் பதில் சொல்வது?

பிழைக்குக் காரணம் கருவி கணக்கில் மக்கு என்பதல்ல. ஜூனியர் அதற்கு ஜூன் 24 என்ற தேதியைத் தரவே இல்லை. தபால் ஒப்புகைச் சீட்டு அப்போது கட்டில் சேரவில்லை. மனிதனாக இருந்தால் “அக்னாலட்ஜ்மென்ட் வந்துருச்சா?” என்று கேட்டிருப்பான், கருவி கேட்காமல், கிடைத்த தேதியை வைத்துப் பதில் சொல்லிவிட்டது. அதனால் இந்த அலுவலகத்தில் கெடு நாளை ஏஐயிடம் கேட்பதே நின்றது. நான்கு காகிதம் – மெமோ, நோட்டீஸ் நகல், தபால் ரசீது, ஒப்புகைச் சீட்டு – கையில் இல்லாமல் யாரும் நாள் எண்ணுவதில்லை; எண்ணியதை குமாஸ்தா டைரியில் இன்னொரு முறை எண்ணுகிறார். ஐந்து நிமிஷ வேலை. இதற்குக் கருவி எதற்கு என்பதே சரியான கேள்வி.

காகிதம் எங்கே போகிறது

மொழிபெயர்ப்புப் பிழை திருத்தக்கூடியது. பத்திரத்தை இலவசக் கருவியில் ஏற்றியது திருத்த முடியாதது. அதில் நான்கு குடும்பத்தின் பெயர், சர்வே எண், கைரேகை எல்லாம் இருந்தன.

கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வெளியே விடக் கூடாது என்பது இப்போது பாரதிய சாட்சிய அதினியம் 132-ஆம் பிரிவு. பழைய சாட்சியச் சட்டத்தின் 126. அதன் மூன்றாம் உட்பிரிவு இந்தக் கட்டுப்பாட்டை மொழிபெயர்ப்பாளருக்கும், வக்கீலின் குமாஸ்தாவுக்கும், ஊழியருக்கும் விரிக்கிறது. எங்கோ இருக்கும் ஒரு கம்பெனியின் சர்வர் குமாஸ்தாவும் அல்ல, ஊழியரும் அல்ல. 2023-ஆம் வருஷத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 17-ஆம் பிரிவில் சட்ட உரிமையை நிலைநாட்டும் வேலைக்கு விலக்குத் தருகிறது என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அந்த விலக்கு 8-ஆம் பிரிவின் பாதுகாப்புக் கடமையைத் தொடவில்லை. தரவைக் காக்கும் கடமை வக்கீலுக்கும் உண்டு.

சீனியர் முதலில் சொன்னது: இனி யாரும் ஏஐ தொடக் கூடாது. தடை இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. அது அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்து ஜூனியரின் சொந்த போனுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். யார் எதை ஏற்றினார்கள் என்பதும் தெரியாமல் போனது. முழுத் தடையைவிட மோசமான விதி சிறிய அலுவலகத்துக்குக் கிடையாது. பிறகு வந்த ஏற்பாடு: அலுவலகப் பெயரில் ஒரே ஒரு கட்டணக் கணக்கு, உரையாடலைப் பயிற்சிக்கு எடுக்கும் வசதி அணைக்கப்பட்டது, சொந்த போனில் கட்டு சம்பந்தமாக எதுவும் கூடாது. பயிற்சியை அணைப்பதும் சேமிப்பை அணைப்பதும் ஒன்றல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். பயிற்சிக்கு எடுக்காவிட்டாலும் ஏற்றியது சில காலம் அவர்களிடம் இருக்கும். ஆகவே பெயர் நீக்காமல் எதுவும் ஏறுவதில்லை.

பெயர் நீக்குவதிலும் ஒரு நுணுக்கம். வாதி-1, பிரதிவாதி-2, ச.எண்-அ என்று மாற்றுவது எல்லோருக்கும் தெரியும். ஊரில் ஒரே ஒரு சாயப்பட்டறை இருந்தால் ‘சாயப்பட்டறை உரிமையாளர்’ என்பதே பெயர்தான். செக் எண், கணக்கு எண், ஆதார் எண் எந்தக் கேள்விக்கும் தேவைப்படுவதில்லை. அவை அப்படியே அடித்து நீக்கப்படுகின்றன. எந்தக் குறி யாரைக் குறிக்கிறது என்ற பட்டியல் காகிதத்தில், கட்டுக்குள் இருக்கிறது, கம்ப்யூட்டரில் இல்லை. பத்திரத்தைப் படமாக ஏற்றுவது நின்றது. தட்டச்சர் அடித்து, பெயர் நீக்கி, பிறகுதான்.

தட்டச்சு செய்ததில் எதிர்பாராத லாபமும் கிடைத்தது. பழைய பத்திரங்களில் தமிழ் எண்கள் வரும். ௧ என்பதைக் கருவி க என்று படிக்கும், ௨-ஐ உ என்று, ௭-ஐ எ என்று, ௮-ஐ அ என்று. அளவு இருந்த இடத்தில் பொருளற்ற எழுத்து நிற்கும். பல நேரம் அதையும் விட்டுவிட்டுத் தனக்குத் தோன்றிய எண்ணைப் போட்டு நிரப்பும். பூச்சி அரித்த இடத்தையும் நிரப்பும். மனிதத் தட்டச்சர் அங்கே ‘தெளிவில்லை’ என்று அடித்துவிட்டுப் போவார். கோர்ட்டுக்கு வேண்டியதும் அந்தத் ‘தெளிவில்லை’தான்.

குடும்ப வழக்கு, சிறார் வழக்கு, பாலியல் குற்ற வழக்கு ஆகிய கட்டுகள் கருவி பக்கமே போவதில்லை. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-இன் கீழ்க் குற்றம். அவ்வளவு கனமான இடத்தில் ‘பெயரை அடித்துவிட்டேன்’ என்ற சமாதானம் செல்லாது.

கட்சிக்காரரின் சம்மதத்தை வக்காலத்தில் நுழைக்காமல் தனித் தாளில் வாங்குகிறார்கள். வக்காலத்து கோர்ட்டுக்குப் போகும் காகிதம். தாளில் இருப்பது நான்கு வரி: ‘என் வழக்கு வேலைக்கு ஏஐ கருவியைப் பயன்படுத்தினால், என் பெயர், ஊர், சர்வே எண், கணக்கு எண் எதையும் அதில் இடாமல் பயன்படுத்த எனக்குச் சம்மதம் / சம்மதமில்லை. இல்லை என்றாலும் என் வழக்கு நடக்கும் என்பது எனக்குச் சொல்லப்பட்டது.’ இரண்டில் ஒன்றை அடிக்க வேண்டும். படித்துக் காட்டி, கையெழுத்து அல்லது ரேகை. பலர் “அதெல்லாம் நீங்க பாத்துக்குங்க வக்கீலய்யா” என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்பவருக்குத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரிபார்ப்புத் தாள்

கருவி தொட்ட ஒவ்வொரு கட்டிலும் மேலட்டைக்குள் ஒரு தாள். கொடுத்தது என்ன, வந்தது என்ன, எதோடு ஒத்துப் பார்த்தது, யார் பார்த்தது, தேதி. தீர்ப்பு என்றால் மூன்று கேள்வி. இருக்கிறதா? சொன்னதாகச் சொல்வதைச் சொல்கிறதா, எந்தப் பத்தியில்? இன்னும் உயிரோடு இருக்கிறதா? முதல் கேள்விக்கு உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளம் இலவசம். இரண்டாவதற்குக் குறுக்கு வழியே இல்லை, தீர்ப்பைத் திறந்து பத்தி எண்ணை எழுத வேண்டும். பத்தி எண் இல்லாத மேற்கோள் தாளில் ஏறாது. மூன்றாவதற்குப் பிரிவின் இன்றைய வாசகத்தை இந்தியா கோட் தளத்தில் படித்துவிட்டு, அந்தத் தீர்ப்பைப் பிந்தைய தீர்ப்புகள் என்ன செய்தன என்று தேட வேண்டும். ஒரு தீர்ப்புக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகும். தமிழில் கிடைக்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மொழிபெயர்ப்புகளை மேற்கோளாக எடுக்கக் கூடாது. ஆங்கில மூலமே அதிகாரபூர்வம் என்று அவற்றிலேயே குறிப்பு இருக்கிறது.

பத்திர மொழிபெயர்ப்புக்கு அலுவலகமே ஒரு சொல்தாள் வைத்துக்கொண்டது. காடு, தோட்டம், பள்ளம், இட்டேரி, மாமூல், பாத்தியம், போக்கியம். கடைசிச் சொல் விலை உயர்ந்தது. வீட்டுக்குப் பெருந்தொகை கொடுத்துக் குடியிருப்பதையும் இங்கே போக்கியம் என்பார்கள். கருவி அதை வைத்து நிலத்துப் போக்கியத்தையும் குத்தகை ஆக்கிவிடும். பத்திரத்தில் அது சுவாதீன அடமானம் (சொத்தைக் கடன் கொடுத்தவர் அனுபவிக்க ஒப்படைக்கும் அடமானம்), சொத்துரிமை மாற்றுச் சட்டம் 58(டி). சுவாதீன அடமானத்தை மீட்க, அடமானப் பணம் கட்டும்வரை காலவரம்பு ஓடாது என்று சிங் ராம் எதிர் ஷியோ ராம் வழக்கில் 2014-இல் தீர்ப்பு இருக்கிறது. குத்தகை என்று எழுதினால் அந்த உரிமையே காகிதத்திலிருந்து காணாமல் போகும்.

செக்குபந்திக்கு விதி தனி. கருவி தந்ததை வாசிப்பதில்லை. மூலத்தைப் பார்த்து வெள்ளைத் தாளில் நான்கு பக்கமும் எழுதிப் படம் போட்டு, அதை கமிஷனர் வரைபடத்தோடும் புல வரைபடத்தோடும் ஒட்டிப் பார்க்கிறார்கள். பரப்பும் அப்படியே: பத்திரத்தின் 3.86 ஏக்கர் பட்டாவில் 1.56.20 என்று இருந்தால் அது ஹெக்டேர். இரண்டும் ஒரே நிலம். கருவி இதை ‘முரண்பாடு’ என்று சுட்டிக்காட்டி, எதிர்த்தரப்பு கேட்காத கேள்வியை நம் வாதுரையிலேயே எழுதித் தந்தது ஒருமுறை.

குரல் பதிவுகளுக்கு ஒரு எச்சரிக்கை. எதிராளி வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய குரலை ஏஐ மூலம் இரைச்சல் நீக்கித் தெளிவாக்கினால், அது வேறு கோப்பு. பாரதிய சாட்சிய அதினியம் 63(4) சான்றிதழில் ஹாஷ் மதிப்பு (கோப்பின் டிஜிட்டல் கைரேகை போன்ற எண்) எழுத வேண்டும்; தெளிவாக்கிய பிரதியின் ஹாஷ் மூலத்தோடு பொருந்தாது. வந்த போனில் வந்தபடி மூலம் இருக்க வேண்டும். தெளிவாக்கியது அலுவலகத்தில் கேட்டுப் புரிந்துகொள்ள மட்டும்.

கட்டணம் பற்றிச் சுருக்கமாக. இங்கே மணிக்கணக்கில் யாரும் வாங்குவதில்லை, கட்டுக்கு இவ்வளவு என்று பேச்சு. ஆனால் மொழிபெயர்ப்புக்குப் பக்கக் கணக்கில் தனியாக வாங்கும் வழக்கம் உண்டு. நாற்பது விநாடியில் வந்ததற்குப் பழைய பக்க விலையை வாங்குவது ஏமாற்று. ஒத்துப் பார்க்கும் உழைப்புக்கு வாங்குவது நியாயம். இந்த அலுவலகம் ‘மொழிபெயர்ப்பும் ஒத்துப் பார்த்தலும்’ என்று ஒரே வரியாக்கி, விலையைக் குறைத்தது.

பிழை வெளியே போய்விட்டால்

வண்டித்தடக் கட்டில் குமாஸ்தா கண்டுபிடிப்பதற்குள் டைப்செட் (கோர்ட்டுக்கான ஆவணத் தொகுப்பு) சென்னைக்குப் போய், தாக்கலும் ஆகி, எதிர்த்தரப்புக்கு நகலும் போயிருந்தது. பேசாமல் வாதத்தின்போது பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையும் வந்தது. அது பிழையை மோசடி ஆக்கும் வழி. வக்கீல்கள் சட்டம் 35-இன் கீழ்ப் புகாருக்கு வேறு என்ன வேண்டும்? செய்தது வேறு. அன்றே கட்சிக்காரரை வரவழைத்து நடந்ததைத் தமிழில் சொன்னார்கள். புதிய மொழிபெயர்ப்பை மனிதர் செய்து, மூலத்தின் ஒளிநகலோடு சேர்த்து, எந்தப் பக்கத்தில் எந்த நான்கு வரி தவறு, சரியானது எது என்று ஒரு மெமோ தயாரித்தார்கள். மெமோவில் ‘தட்டச்சுப் பிழை’ என்று போடலாமா என்று ஜூனியர் கேட்டார். தட்டச்சர் செய்யாத பிழையை அவர் தலையில் ஏன் போட வேண்டும் என்று சீனியர் மறுத்தார்; ‘கணினிக் கருவி உதவியோடு செய்த மொழிபெயர்ப்பில், சரிபார்ப்புக் குறைவால் ஏற்பட்ட பிழை’ என்று போனது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நகல் முதலில், கோர்ட்டுக்கு அடுத்து. கட்சிக்காரரிடம் திருத்தத்துக்கான செலவு வாங்கவில்லை.

மெமோ பதிவில் ஏறியது. பழைய மொழிபெயர்ப்புப் பக்கங்களைக் குறுக்கே கோடிட்டு, தேதி போட்டு, அலுவலகக் கட்டின் அடியிலேயே வைத்திருக்கிறார்கள்.